காப்புக் கட்டிய கை

திருப்புன்கமூர்ப் புன்கவனநாதர் கோயிலில் மார்கழித் திருவாதிரைக்குக் கொடி ஏறிய காலையில், ஜடேச குருக்களின் வலக்கை மணிக்கட்டில் மஞ்சள் தோய்ந்த காப்பு நூல் ஏறியது. ஏறத்தாழ அதே வேளையில், தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில், அவருடைய தாயார் பெரியநாயகி அம்மாளைச் சுவாசக் குழாயோடு படுக்க வைத்தார்கள். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் வந்த மாரடைப்பு. செய்தி கொடிமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது காப்பின் முடிச்சு விழுந்துவிட்டிருந்தது.

காப்புக் கட்டியவர் கொடி இறங்கும்வரை ஊரெல்லையைத் தாண்டலாகாது. இடையில் பெற்றவளே போனாலும் அவருக்குத் தீட்டு இல்லை. தீட்டு இல்லாதவருக்கு அழுகையும் இல்லை, கொள்ளி வைக்கும் உரிமையும் இல்லை. ஜடேச குருக்கள் பெரியநாயகி அம்மாளுக்கு ஒரே மகன். காப்பை மாற்றிக்கொள்ள முறையுடைய மாமன் மகனோ கும்பாபிஷேகம் ஒன்றுக்காக மலேசியாவில் இருந்தான். தாயை உயிரோடு பார்ப்போமா என்ற கேள்வியைத் தவிர வேறொன்றும் அவர் நெஞ்சில் நிற்கவில்லை. வாய் மட்டும் மந்திரத்தை வழுவாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அவருடைய வாழ்வு முழுவதும் அந்தக் கற்றளியின் மதிலுக்குள் நடந்தது என்றால் மிகையன்று. தந்தை கண்மூடியபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. அன்று தொட்ட மணியை அவர் கீழே வைத்ததில்லை. தம் கல்யாணத்தன்றுகூட மாலைப் பூசைக்கு நேரமாயிற்றென்று பந்தியிலிருந்து எழுந்து வந்தவர். சோழநாட்டுத் தலங்களைத் தேடி வருவோருக்கு அவர் வழி சொல்லும் அழகே தனி. திருப்பழனத்தில் எந்த நேரத்தில் வெயில் எந்தத் தூணில் விழும், திருச்சோற்றுத்துறைக்கு எந்தப் பாதை நிழல் என்றெல்லாம் சொல்லுவார். அவற்றுள் பாதியை அவர் கண்ணால் கண்டதில்லை. வந்தவர் சொல்லக் கேட்டதே.

ஐந்தாம் திருநாள் காலையிலும் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தது.

"சாமி, இங்க என்ன விசேஷம்? கொஞ்சம் சுருக்கா சொல்லுங்க, டிரைவர் கத்துவாரு" என்றாள் ஓர் அம்மாள்.

"தெற்குச் சுவர் மாடத்துல, கோஷ்டத்துல, தட்சிணாமூர்த்தி இருக்கார். அந்தச் சிரிப்ப நின்னு பாருங்கோ. அதுக்குச் சுருக்கம் கிடையாது."

"அப்புறம் எங்க போகணும்?"

"திருவையாறு. ஐயாறப்பர் கோயில்ல தெற்கு வாசல்ல ஆட்கொண்டாரப் பாக்காம வந்துடாதேள்."

சொல்லிக்கொண்டே அவர் பார்வை அர்த்தமண்டபத்துக்கு வெளியே போயிற்று. அங்கே கோயிலின் மெய்க்காவல்காரன் அஞ்சாப்புலி நின்றான். சன்னதிக்குள் கைபேசி கூடாதென்பதால் அது அவன் இடுப்பில் இருந்தது. கெட்ட செய்தி வந்தால் தீபாராதனை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டினால் வந்த வினை, அவன் வாய் மூடி நின்ற நேரமெல்லாம் கெட்ட செய்தி வந்துவிட்டதோ என்று குருக்களுக்குத் தோன்றியது.

தட்டோடு வெளியே வந்தவர் அவன் முகத்தையே பார்த்தார்.

"மொகத்தப் பாக்காதீங்க சாமி. எம் மொகம் எப்பவுமே எழவு வூட்டு மொகந்தான். எம் பொஞ்சாதியே சொல்லுவா."

"அழைப்பு வந்துதா?"

"வந்துச்சு. ஒங்க தங்கச்சிதான். கெட்டது இல்ல, நல்லதுன்னும் சொல்ல முடியல. நீங்களே பேசுங்க."

மறுமுனையில் தங்கை ஞானம்பாள். "அண்ணா, அம்மா ஊசியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டா. ஒன்னப் பாக்கணுமாம். டாக்டர் கையெழுத்து வாங்கிண்டு விட்டுட்டார். வேன்ல கெளம்பிட்டோம்."

"நேரா ஆத்துக்கு அழைச்சிண்டு வா."

"உள்ள வரமாட்டாளாம். எல்லை மதகோட நிறுத்தணுமாம்."

ஏன் என்று அவருக்குத் தெரியும். அவர்கள் வீடு இருந்த தேரோடும் வீதியில் ஓர் உயிர் பிரிந்தால் அவ்வுடலை எடுக்கும்வரை சுவாமிக்கு நைவேத்தியம் இல்லை. கொடி ஏறியிருக்கும் நாளில் அப்படி நேர்ந்தால் விழாவே நிற்கும். மகன் எல்லையைத் தாண்டலாகாது; தாய் எல்லைக்குள் வர மாட்டாள்.

உச்சிக்காலம் முடித்து நடை சாத்தியதும் குருக்கள் விபூதிச் சம்புடத்தை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். அஞ்சாப்புலி பின்னால் வந்தான். ஊரின் மேற்கெல்லை வாய்க்கால் மதகு. மதகின் இப்புறம் திருப்புன்கமூர் மண், அப்புறம் வேற்றூர். மார்கழி நீர் கரை தொட்டு ஓடியது.

வேன் வரவில்லை. நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போயிற்று. பள்ளிக்கூட வேன் ஒன்று வந்தபோது குருக்கள் இரண்டடி முன்னே போய், மதகுக் கல்லைக் கண்டதும் நின்றார். காலையில் வந்த சுற்றுலாப் பேருந்து திருவையாறு போய்விட்டு அவ்வழியே திரும்புகையில், அந்த அம்மாள் சன்னல் வழியே கைகூப்பினாள். இவரும் கூப்பினார். கூப்பிய கை இறங்கியபோது இடக்கை விரல்கள் தாமாகவே வலக்கை மணிக்கட்டில் போய்க் காப்பின் முடிச்சைத் தடவின. நகம் முடிச்சுக்குள் நுழையப் பார்த்தது. இந்த நூல் அவிழ்ந்தால் அவர் மகன், அவிழாதவரை ஆசாரியர்.

அஞ்சாப்புலி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்: "அபிஷேகத் தண்ணி பட்டுப் பட்டு நூலு இறுகியிருக்கும் சாமி. லேசுல அவுராது."

"அவுக்கலடா."

"நான் ஒண்ணும் பாக்கலியே."

வெயில் சாயத் தொடங்கியது. மாலைப் பூசையான சாயரட்சைக்கு நடை திறக்க வேண்டும். அதன்பின் ரிஷப வாகனப் புறப்பாடு. வழியில் ஏதாவது நேர்ந்திருக்குமோ? கைபேசியில் அழைத்தால் ஞானம் எடுக்கவில்லை. மறுபடி அழைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. எடுக்காத அழைப்பே மேல் என்று தோன்றிவிட்டது.

கடைசியில் ஒரு வெள்ளை வேன் வந்து, மதகுக்கு அப்பால் திரும்பி, பின்புறமாக மெல்ல ஊர்ந்து மதகின்மேல் ஏறியது. ஓட்டுநர் பக்கிரிசாமி தலையை வெளியே நீட்டினான்.

"சாமி, ஆச்சிக்கு மூச்சு முட்ட முட்ட வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி வந்தோம். இன்னும் ரெண்டடி உள்ள வுட்டா என்ன? சிவன் அளவுநாடா வெச்சிக்கிட்டா ஒக்காந்திருக்காரு?"

உள்ளிருந்து மெலிந்த குரல் ஒன்று வந்தது. "ஏம்ப்பா பக்கிரி, சிக்னல்ல கோட்டத் தாண்டினா போலீஸ்காரன் விடறானா?"

"கையில ஏதாச்சும் வெச்சா வுடுவான் ஆச்சி."

"இங்க வாங்கறவா யாருமில்லை. நிறுத்து."

பின்கதவு திறந்தது. மதகின் விளிம்போடு வேன் நின்றது; விளிம்போடு குருக்கள் நின்றார். பெரியநாயகி அம்மாள் ஒரு கூடையில் வைத்த வாடிய மாலைபோல மெத்தையில் கிடந்தார். ஊசி ஏறிய முன்கை கருநீலமாக இருந்தது.

"தள்ளி நில்லு. ஆஸ்பத்திரித் துணி. மறுபடி முழுகணும் நீ."

குருக்கள் தள்ளி நிற்கவில்லை. குனிந்து தாயின் கையைப் பற்றினார். "முழுகிக்கறேன். வாய்க்கால் இருக்கே."

"பனியில ஜுரம் வரும்டா."

"வரட்டும்." அவர் இடக்கை காப்பின் முடிச்சுக்குப் போயிற்று. "அம்மா, இத அவுத்துடறேன். ஒங்கூட வந்துடறேன். திருவிழாவ எவனாவது நடத்தட்டும்."

"எவன்? ஒன் மாமன் மகன் மலேசியாவுலேந்து பறந்து வருவானா?"

ஞானம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாள் பற்றியிருந்த கையை விடுவித்து, மகனின் மணிக்கட்டைக் காப்போடு சேர்த்துப் பிடித்தார். அந்த மெலிந்த கையில் அத்தனை இறுக்கம் இருக்குமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"கேட்டுக்கோ. நான் போனா ஞானத்தோட பிள்ளை கொள்ளி வெப்பான். அவன்கிட்ட சொல்லிட்டேன், அவனும் சரின்னுட்டான். ஒனக்கு அந்த விசாரம் வேண்டாம்."

"அப்ப எனக்கு என்னம்மா இருக்கு?"

"ஒனக்கு சாயரட்சை இருக்கு."

குருக்கள் சம்புடத்தைத் திறந்தார். விபூதி தாயின் நெற்றியில் பாதியும் தலையணையில் பாதியுமாக விழுந்தது. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வருகிறதா என்று எல்லாரும் அவர் மார்பையே பார்த்தார்கள். வந்தது. சிறிது நின்று மறுபடியும் வந்தது.

பெரியநாயகி அம்மாள் அதன்பின் பங்குனி வரையில் இருந்தார். கொடி இறங்கிய மறுநாளே மகன் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். ஆனால் அன்று மதகடியில் நின்ற ஒருவருக்கும் அது தெரியாது.

குருக்கள் படித்துறையில் இறங்கி நீரில் முழுகினார். பக்கிரிசாமி வண்டியைக் கிளப்பினான்.

"இருப்பா" என்றார் அம்மாள். "அவன் கரையேறிப் போறதப் பாத்துட்டுப் போலாம்."

குருக்கள் கரையேறினார். நனைந்த வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது, பல் கிட்டியது. இனி அருகே போனால் மீண்டும் முழுக வேண்டும். ஆகவே படித்துறையிலேயே நின்றார். வேன் போனபின் போகலாம் என்று அவர் நின்றார். மகன் போனபின் போகலாம் என்று தாய் காத்திருந்தார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது.

"இப்புடியே நின்னா டீசல்தான் போவும்" என்று பக்கிரிசாமி முணுமுணுத்தான். "யாராச்சும் ஒருத்தர் மொதல்ல கெளம்புங்க."

அம்மாள் மெத்தையிலிருந்து ஒரு கையைச் சற்றே உயர்த்தி, போ என்று அசைத்தார்.

குருக்கள் கோயிலை நோக்கி நடந்தார். வேன் புறப்படும் ஓசைக்காகச் செவி மட்டும் பின்னாலேயே இருந்தது. சன்னதித் தெருவின் முனையில் அவர் திரும்பும்வரையில் அந்த ஓசை எழவில்லை.