எட்டு டிகிரியும் ஈரக் கொழுந்தும்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தூறல், பதினேழு டிகிரி. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் நான்கு வரிசைக்கு மேல் தெரியவில்லை. என் லேத்துக்கு மனைவி வைத்த கெடு அன்று மாலை ஐந்து மணியோடு முடிந்தது.

தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றதும் வாங்கிய, உலோகம் கடையும் பழைய லேத். மூன்று வருடங்களில் அதில் நான் செய்து முடித்தவை இரண்டு கதவுக் குமிழ்கள், அவற்றில் ஒன்று கோணல். மழை நாட்களில் துணி காயப்போட அது நிற்கும் பின்னறைதான் வேண்டும் என்பது மனைவியின் கட்சி.

"பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரரு குடுத்த கொழா நாலையும் ஒழுகாமப் பண்ணிக் குடுங்க, மெஷினு இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு லோரி வந்து ஏத்திட்டுப் போயிடும் லா."

மருந்து தெளிக்கும் பம்பின், திருகித் திறக்கும் பித்தளைக் குழாய்கள் அவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் பாட்டில் தக்கை போல மேலே பருத்து அடியில் சிறுத்த ஓர் அடைப்பான் திரும்பும். அதன் சிறுத்த முனையில் ரப்பர் வளையம் உட்காரச் சுற்றிலும் ஒரு பள்ளம், அதாவது காடி, வெட்ட வேண்டும். ஆனால் லேத்தின் மூன்று தாடைகளும் நேரான உருளையைத்தான் பிடிக்கும், சரிவான பொருள் வழுக்கி வெளியே வந்துவிடும். அதனால் முதலில் ஒரு பிடி செய்யத் தீர்மானித்தேன்: அலுமினிய உருளை, உள்ளே அடைப்பானின் அதே சரிவில் ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு பிளவு. சிறுத்த முனை மட்டும் வெளியே நீட்ட அடைப்பான் உள்ளே உட்காரும், தாடைகள் வெளியிலிருந்து இறுக்கும்.

சரிவைப் பதினோரு முறை அளந்தேன். பதினோரு முறையும் எட்டு டிகிரி. கத்தியை எட்டு டிகிரி சாய்த்து, இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் குடைந்தேன். அடைப்பானைப் போட்டால் அடியில் மட்டும் தொட்டது. வாய்ப்பக்கம் கடகடவென்று ஆடியது.

ஈரத் துணி வாளியோடு மனைவி வந்து நின்றாள்.

"ஆடுதே."

"அளவு சரி. பதினோரு தடவ பாத்தேன்."

"எத எத்தன டிகிரின்னு பாத்தீங்க?"

"இந்தச் சரிவுக்கும் எதிர்ச் சரிவுக்கும் நடுவுல எட்டு."

"அப்ப ரெண்டு பக்கமும் சேந்துதானே எட்டு? கத்திய எவ்ளோ சாச்சீங்க?"

"எட்டு."

"அது சுத்தும்போது ரெண்டு பக்கமும் எட்டு எட்டா அறுபடாதா? பதினாறு ஆச்சு லா."

அவள் அதோடு விடவில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் கொழுந்து பறித்தவள். அவள் மூட்டையை நிறுத்து எழுதியவன் நான். மழை நாளில் ஈரத்துக்கென்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பது தோட்டத்து வழக்கம்.

"ஈரத்துக்குக் கழிக்க ஒரு நாளாச்சும் மறந்தீங்களா, கிராணி ஐயா? இன்னைக்கி எட்டுல நாலு கழிக்கத் தெரியல."

"எல்லாரு மூட்டையிலயும்தான் கழிச்சேன்."

"என்னக் கட்டிக்கப் போறீங்கன்னு முடிவான பொறகும்?"

"முடிவான பொறகும்."

"அதச் சொல்லுங்க!"

ரிங்லெட் டவுனுக்குப் போய் வேறு அலுமினியத் துண்டு வாங்கிவர ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆனது. இம்முறை நான்கு டிகிரி. அவள் வாளியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடைப்பான் 'டப்' என்று உட்கார்ந்தது. வெளியே எடுக்க மரச்சுத்தியால் தட்ட வேண்டியிருந்தது. நாலே காலுக்கு நான்கு காடிகளும் முடிந்தன. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தோட்டக்காரர் குழாய்களைப் பம்பில் மாட்டித் தண்ணீர் விட்டார். நான்காவது குழாய் மூன்று சொட்டு விட்டது. மூவரும் குனிந்து பார்த்தோம். நான்காவது சொட்டு விழவில்லை.

"மெஷினு இருக்கட்டும்," என்றாள் மனைவி. லேத்துக்கு மேலே குறுக்காகக் கயிறு கட்டித் துணியையும் போட்டாள். பிறகு கையை நீட்டினாள். "அந்த ரெண்டு கிலோ. ஒரு நாளுக்காவது குடுங்க."

அப்போது பறிகூலி கிலோவுக்கு இருபது சென். என்னிடம் ஐம்பது சென் காசுதான் இருந்தது. மீதி பத்து சென் கயிற்று வாடகையாம்.

அலுமினியம் இரண்டு துண்டு நாற்பத்து நான்கு ரிங்கிட், பெட்ரோல் ஆறு, அவளுக்கு ஐம்பது சென். ஆக மொத்தம் ஐம்பது ரிங்கிட் ஐம்பது சென்.