அம்மன் நிலத்தைத் தானம் கொடுத்தவன்

பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில், நான் போட்ட ஒரு கையெழுத்தை நினைத்தால் இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கால் காணி புன்செய் உண்டு. வருஷத்துக்கு ஒரு குடும்பமாக முறை வைத்து உழுவோம். விளைகிற கேழ்வரகுதான் ஆடி மாதம் ஊருக்கே கூழ். கோயில் நிலத்துக்கு வரி கிடையாது. ஆனால் அது கோயில் நிலம் என்று எழுத்தில் பதிய வேண்டும் என்று மேரியிலிருந்து ஆள் வந்து சொன்னான். அந்த வருஷம் முறை என்னுடையது. அஞ்சாம் வகுப்பு படித்தவன் என்று என்னையே அனுப்பினார்கள்.

கோயில் நிலமென்றால் ஊர்ச் சங்கத்தின் பெயரில் நிரப்ப ஒரு பாரம், சொந்த நிலமென்றால் தனி ஆள் பெயரில் நிரப்ப ஒரு பாரம். இரண்டும் பிரெஞ்சு, எனக்குப் படிக்கத் தெரியாது.

குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டான், "யாருய்யா உழுவுறது?"

"இந்த வருஷம் நான்தாங்க."

எங்கள் ஊரில் அதற்கு வேறு பதில் இல்லை. அவன் ஒரு பாரத்தை இழுத்து எழுத ஆரம்பித்தான். என் அப்பா பெயர் கேட்டபோதே, கோயில் நிலத்துக்கு இது எதற்கு என்று தோன்றியது. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். கேட்க வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் வரிச் சீட்டு என் பெயருக்கு வந்தது. அடுத்த முறைக்காரன் என் பங்காளி. ஏரைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னாடா, அம்மன் நிலத்தையே வூட்டுக்கு எழுதிக்கினியா? உன் நிலத்துல நான் ஏர் ஓட்ட மாட்டேன்."

உழாவிட்டால் ஆடிக்குக் கூழ் இல்லை. அவனையும் கூட்டிக்கொண்டு மேரிக்கு ஓடினேன்.

"சங்கத்துக்குத் தானமா எழுதிக் குடுத்துடு, சரியாப்பூடும்" என்றான் குமாஸ்தா.

வாழ்க்கையில் முதல் தடவை கத்தினேன். "என்னுது இல்லாதத நான் எப்படிய்யா தானம் குடுப்பேன்? தப்பா எழுதினது நீ!"

"அப்பவே கேக்கறதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவன் மேல் இருந்ததைவிட என் மேல் ஆத்திரம்.

"போட்டுத் தொலைடா, மண்ணு ஈரம் காயுது" என்றான் பங்காளி.

போட்டேன். மறுநாள் உழுதான், கேழ்வரகும் விளைந்தது.

ஆடியில் கூழ் ஊற்றும்போது முதல் சொம்பை அவன் என்னிடம் நீட்டினான். "நிலம் குடுத்த வள்ளலுக்குத்தான்பா மொதல்ல!" ஊரே சிரித்தது. சொம்பை அவன் கையிலேயே திணித்துவிட்டு நடந்தேன். ஊர் அதை மறந்துவிட்டது. மேரிக் காகிதத்தில் மட்டும் அம்மனுக்கு அவள் நிலத்தையே தானம் கொடுத்தவன் நான்.