கன்னியப்பன் துடைத்து வைத்த இருபத்துநாலு குழாய்

கன்னியப்பன் எனக்குப் பழக்கமானதே ஒரு ஃப்ரீசரால்தான். தட்டாஞ்சாவடியில் எனக்கு ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை. டவுனில் நான் சர்வீஸுக்குப் போகும் ஒரு காலேஜ் லேபில் அவன் அட்டெண்டர். மீனவர் குப்பமான வம்பாகீரப்பாளையத்தில் பிறந்தும் படகு ஏறினால் வாந்தி எடுப்பான். அதனால் டெம்போ ஓட்டினான், பிறகு லேபுக்கு வந்தான். பதினேழு வருஷம் தினக்கூலி. நிரந்தரம் ஆக்கும் ஃபைல் ஒருவழியாக மேலே போயிருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி.

அவனைப் போல் சுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. டீ கிளாஸைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

அந்த லேபில் வினோதா என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்தது. டிஎன்ஏவை வைத்துக் கணக்குப் போடுவது. ஏழு பஸ் ஸ்டாப், எதையும் இரண்டாம் தடவை தொடாமல் எல்லாவற்றுக்கும் போக வழி எது? ஒவ்வொரு சாலைக்கும் ஒரு டிஎன்ஏ துண்டு. தண்ணீரில் கலந்தால் துண்டுகள் தாமாக ஒட்டி, எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்குமாம். தப்பானதைக் கழித்தால் மிஞ்சும் சொட்டில் விடை.

"கோரிமேட்டுலேர்ந்து உழவர்கரை சுத்தி வரணும், அவ்ளோதான? டெம்போக்காரன் என்னக் கேளும்மா" என்றான் கன்னியப்பன்.

"ஏழு ஸ்டாப்புக்குச் சொல்லிடுவீங்கண்ணே. எழுநூறுக்கு?"

மீனுக்கும் மனுஷனுக்கும் டிஎன்ஏ எழுத்து அதே நாலுதான், மூணு மூணாகச் சேர்த்துப் படிக்கும் முறையும் ஒன்றுதான் என்றும் அந்தப் பெண் சொன்னது.

"அப்போ வஞ்சிரம் எனக்குப் பங்காளியா? நேத்து பங்காளியத்தான் கொழம்பு வெச்சா எம் பொண்டாட்டி."

"அந்த முறை இத்தினி காலத்துல மாறவே இல்லியா?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல மாறி மாறித்தான் அமைஞ்சிருக்கும். ஒரு கட்டத்துல உறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்கண்ணே. அப்புறம் மாத்தினா உடம்புல இருக்கிற அத்தனையும் ஒரே நேரத்துல தப்பாயிடும்."

உறைய வைப்பது என் தொழில். அதனால் மறக்கவில்லை.

மே மாதம் ஃப்ரீசரில் ஐஸ் கட்டி, கதவே மூடவில்லை. கூப்பிட்டார்கள். வினோதா அன்றைக்குச் சென்னையில்.

"உள்ள இருக்கிறத ஐஸ் பெட்டியில வைய்யா. திரும்ப வைக்கறப்ப ஈரமில்லாம தொடச்சு வை. இல்லன்னா மறுபடி கட்டிக்கும்" என்றேன். சொன்னது நான்தான்.

வினோதாவின் டிஎன்ஏ சொட்டுகள் இருந்த இருபத்துநாலு குழாய், ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு. கை நிறைய அள்ளிப் பெட்டியில் போட்டான். திரும்ப வைக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் ஒவ்வொன்றையும் பிள்ளைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தான். பஞ்சு நீலமாக ஆவதை நானும் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன். மூடியில் வினோதா மார்க்கரால் எழுதிய நம்பர்கள் அவை.

மறுநாள் அந்தப் பெண் கத்தவில்லை. "எது எந்த வரிசையில இருந்துச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டது. கன்னியப்பன் கண்ணை மூடி யோசித்தான். இருபத்துநாலும் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"திரும்ப சோதிச்சுக் கண்டுபிடிக்கலாமே?" என்றேன்.

"சோதிச்சாலே அந்தச் சொட்டு தீர்ந்துடும். முதல்லேர்ந்து பண்ண அஞ்சு மாசம் ஆகும். ஆராய்ச்சிய முடிச்சுக் குடுக்க எனக்கு இருக்கிறது மூணு வாரம்."

துறைத் தலைவரிடம் போய், துடைக்கச் சொன்னது நான் என்றேன். "நீங்க வெளியாள். உங்ககிட்ட யாரும் விளக்கம் கேக்கல" என்றார். வினோதாவும் அவன்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தது. ஃபைல் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள்.

இப்போது உழவர்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தரை துடைக்கிறான். சர்வீஸுக்கு நான் லேபுக்குப் போகிற நாளெல்லாம் போன் வரும்.

"பொட்டி ஓடுதாய்யா?"

"ஓடுது. மைனஸ் இருபது."

"அந்தக் கொழாய்ங்க?"

"அப்படியே இருக்குது. அந்தப் பொண்ணு தூக்கிப்போட வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்குது."

"ஏதோ ஒண்ணுல விடை இருக்குதுல்ல?"

"இருக்குது."

"கரண்டு கிரண்டு போயிடப்போவுது, பாத்துக்கய்யா."

பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.