மூன்றாம் நாளும் மஞ்சள்

ஐஸ் நிரப்பிய எவர்சில்வர் தூக்கில் ஆட்டுச் சிறுநீரகங்களோடு கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி வருவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் தரை கழுவும் திரவம் தயாரித்த சிறிய தொழிற்சாலை அது. ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டுமே, பொறுப்பு என்னுடையது. அவரை எல்லோரும் பாய் என்றுதான் அழைத்தோம். கன்னடமும் தெலுங்குமாக ஒலித்த அந்த வளாகத்தில், திருநெல்வேலியிலிருந்து போயிருந்த எனக்குப் பேச்சுத்துணை அவர் ஒருவர்தான். அவரோ அதிகம் பேசமாட்டார்.

ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்கத்தக்க ஒரு சோப்பை உருவாக்க முதலாளி ஆசைப்பட்டார். உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில் சில புரதங்கள் புதைந்திருக்கும். சாதாரண சோப்பு அவற்றை வெளியே இழுக்கும்; இழுத்த வேகத்தில் உருக்குலைத்தும் விடும். கொழுப்பு விலகிய இடத்தில் தானே புரதத்தை அணைத்து நிற்கிற சோப்பு எங்களுக்கு வேண்டியிருந்தது. பாய் சோப்பு மூலக்கூறின் வாலை நீட்டிப் பார்ப்பார், தலையில் வேறு சர்க்கரையைப் பொருத்திப் பார்ப்பார். ஆட்டுச் சிறுநீரகத்திலிருந்து எடுத்த புரதம் செயலோடிருந்தால் சோதனைக் கரைசல் மஞ்சளாகும். முதல் நாள் மஞ்சள் வரும்; மறுநாள் சோதித்தால் நிறமே வராது. இப்படியே ஒன்றரை வருடம்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி முடிவைக் கேட்டார். பாயின் கடைசிச் சோப்பு சோதனையில் இருக்கும்போதே, பலனில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஊர் திரும்பினால் போதும் என்றிருந்தது எனக்கு. பாயிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் கூப்பிட்டார். குழாயில் நல்ல மஞ்சள்.

"மூணு நாளாவுது மேடம். இன்னும் சாவல."

அறிக்கையைத் திரும்பக் கேட்டால் என் அவசரம் வெளியே தெரிந்துவிடும். முதலாளி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்றேன். ஒருமுறை வந்ததை நம்பி அவரிடம் போக முடியாது என்றும் சொன்னேன். பாய் தலையசைத்தார். அன்று முழுக்கக் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கினார். அடுத்த மாதம் அண்ணனின் மாங்காய் மண்டிக்குப் போய்விட்டார்.

சில ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அதே போன்ற வாலும் தலையும் கொண்ட சோப்பை வேறெங்கோ பயன்படுத்துவதாகப் படித்தேன். உண்மையைச் சொல்லிவிட நினைத்துக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். முதலில் அந்தச் சோப்பைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். கூடைகளுக்கு நடுவே நின்று கேட்டவரின் முகம் மலர்ந்தது.

"நீங்க அன்னிக்கு அவசரப்படாம இருந்தது சரிதான் மேடம். ஒரு தடவ வந்தத நம்பக் கூடாதுல்ல."

டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.