மூடியில் ஒட்டியிருந்த சிவப்பு நூல்

பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டவன் ஆறுகளைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது விரல் நீளச் சிவப்பு நூல் ஒன்றைப் பற்றி.

மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் அப்போது நான் தரை துடைத்துவந்தேன். அங்கே தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் கட்டில் அளவுத் தொட்டியில் ஒரு பாலைவனம் செய்து, கண்ணாடி மூடி போட்டு வைத்திருந்தார். மலை இடுக்கு போன்ற வாயிலிருந்து மணல் கலந்த தண்ணீர் ஓயாமல் ஒழுகும். வெட்டவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து மணலைப் போட்டுவிடும். தன் தடத்தைத் தானே மேடாக்கும். பிறகு கரை மீறிப் பள்ளமான பக்கத்துக்குத் தாவும். இப்படி மாறி மாறித் தாவித்தான் பாலைவன ஆறுகள் மணலைப் பெரிய விசிறியாக விரிக்கின்றன என்றார். எப்போது தாவும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தடம் அடைத்து நிற்பதைக் கண்டேன். ஊரில் மிளகாய்த் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாற்றிவிட்ட கை இது. மூடியைத் தூக்கி ஒரு விரலால் கீறிவிட்டேன். தண்ணீர் இடப்பக்கம் ஓடியது. அதன் பிறகுதான் திடுக்கிட்டேன்.

திங்கட்கிழமை அவர் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னும் நாலு நாள் ஆகணுமே. நீங்க கை வெச்சீங்களா?"

"இல்லை, சேர்."

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "தோட்டக்காரப் புத்தி இங்கையுமோ? வேலை போச்செண்டால் என்ரை அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கை கூப்பிடேலாது. பேசாமல் இருங்கோ" என்றாள்.

மறுநாள் மூடிக்கும் தொட்டிக்கும் குறுக்கே அந்த நூல் ஒட்டியிருந்தது. திறந்தால் அறுந்துவிடும். அவர் தினமும் முதலில் நூலைப் பார்ப்பார், பிறகுதான் ஆற்றை. எனக்கு வணக்கம் சொல்லும்போதும் என் விரல்களையே பார்ப்பதாகத் தோன்றும். நானும் அவரை நம்பவில்லை. என் மேற்பார்வையாளரோடு அவர் பிரெஞ்சில் சிரித்துப் பேசினால், பேச்சு என்னைப் பற்றித்தான் என்று நின்று கேட்பேன். ஒன்றும் விளங்காது.

இரண்டு வாரம் கழித்து, நான் துடைத்துக்கொண்டிருக்கையிலேயே தண்ணீர் தானாகத் தாவியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தவர் நூலைத் தடவிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"இதுவும் சீக்கிரமே தாவிடுச்சு. அப்போ அன்னைக்கும் தானாத்தான் போயிருக்கு. என் கணக்குதான் தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்தார்.

"பரவாயில்லை, சேர்" என்றேன். என் விரல் செய்த தாவலையும் அவர் குறிப்பேட்டில் ஆற்றின் பெயரிலேயே எழுதிக்கொண்டார்.

இப்போது எனக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை. மாமியும் ஸ்பொன்சரில் வந்து எங்களோடு இருக்கிறார். இன்றும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் விளிம்பில் நூல் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

அவர் என் கையைப் பிடித்ததற்கு அடுத்த நாள் மாலை போனேன். மூடியில் நூல் இல்லை. தரையைத் துடைத்துவிட்டு வந்தேன்.