உப்புக்குள் ஒரு சின்ன வீடு

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு நான் சின்னமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமியார், நாத்தனார்கள், கொழுந்தன்மார், அவர்கள் பிள்ளைகள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது மேலே இடிப்பார்கள். புருஷனோடு இரண்டு வார்த்தை பேச மாட்டுத் தொழுவத்துக்குத்தான் போகவேண்டும். மதுரையில் கெமிஸ்ட்ரி படித்த மனுஷன், அங்கே நின்று கொஞ்சுவார் என்று பார்த்தால் உப்பைப் பற்றிப் பேசுவார்.

சோடியம் தன்னிடம் மிச்சமாக இருக்கும் ஒரு எலெக்ட்ரானைக் கொடுத்துவிடுமாம். குளோரின் அதை வாங்கிக்கொள்ளுமாம். கொடுத்தது பிளஸ், வாங்கியது மைனஸ். பிறகு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பிரியாமல் நிற்குமாம். மண்ணில் குச்சியால் NaCl என்று எழுதிக் காட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அம்மியில் மசால் அரைக்கும்போதுகூட, உப்புக் கல்லுக்குள் ஒரு சின்ன வீடு, அதில் இரண்டே பேர், கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதாக நினைத்துக் கிறங்கிக் கிடப்பேன். தனிக்குடித்தன ஆசை அப்படித்தான் தலைக்கேறியது.

மேகமலை டீ ஃபேக்டரியில் அவருக்கு வேலை வந்தது. அவர் தயங்கினார். நான் ஒற்றைக்காலில் நின்றேன். மாமியார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான் அசரவில்லை. பொதிக்கழுதைகளுக்குப் பின்னால் மலையேறினோம்.

அங்கே மேகம் கேட்காமல் வீட்டுக்குள் வரும். அடுப்படியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகப் போகும். முதலில் சொர்க்கமாகத்தான் இருந்தது. ஆனால் விடிந்து போகிறவர் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரை நானும் மேகமும்தான். என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. ஈரத்தில் ஜாடி உப்பு கரைந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அதைக் காட்டி, உங்கள் ஜோடிகள் அழுகின்றன என்றேன்.

உப்பில் ஜோடியே கிடையாது என்றார் அவர். எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். NaCl என்பது இதுவும் அதுவும் சரிக்குச் சரி என்று காட்டுகிற கணக்கு மட்டும்தானாம். அப்படிக் கூட்டமாக நிற்பதால்தான் உப்பு கல்லாக இருக்கிறதாம்.

இதைத் தொழுவத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. நான் அப்போது முழுகாமல் இருந்தேன். அவரிடம் சொல்லியிருந்தேன், அவரும் சந்தோஷப்பட்டார், அது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. கேட்டுக் குதிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

"நம்ம ரெண்டு பேரு பத்தாதுங்க," என்றேன். "கீழ போயிருவோம்."

அவர் ஜாடியை மூடி வைத்தார். "நீ ஆசப்பட்டன்னுதான் புள்ள வந்தேன். வந்த அன்னைக்கே எனக்கு எங்காத்தா நெனப்பு வந்துருச்சு."

இரண்டே பேர் இருந்த அந்த வீட்டில், அத்தனை நாளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அதை அவர் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.