மயோனைஸில் பெலாச்சான்

படிவம் இரண்டோடு பள்ளியை விட்டு, லோரி, கார் கழுவும் கடை என்று அலைந்தபின் சுபாங் ஜெயாவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி பக்கத்து ஊரான கிள்ளான்காரர், ஜப்பானில் சமையல் கற்றவர். திறந்த புதிதில் அங்கே செய்ததை அப்படியே செய்தார். வந்தவர்கள் பாதியை வைத்துவிட்டு, “காரமே இல்லே பாஸ்” என்று எழுந்து போனார்கள். அதனால் சுஷி மேல் ஊற்றும் மயோனைஸில் காரமான மிளகாய் விழுதான சம்பாலைச் சேர்த்தார். தினமும் காலையில் கலப்பது என் வேலை. கூட்டம் வரத் தொடங்கியது.

ஒரு மத்தியானம் ஓர் அம்மா, பத்து வயது மகளோடு வந்தார்.

“இவளுக்கு எறா ஆகாதுண்ணே. மூச்சு முட்டிரும். வெள்ளரிக்கா ரோல்ல எறா கிறா இல்லேதானே?”

“இல்லேக்கா.”

“மேல ஊத்துறதுல?”

“அது வெறும் மயோனைஸ் லா.”

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய், மறுநாள் சம்பாலுக்குப் பெலாச்சான் கட்டியை வெட்டினேன். வாடை மூக்கில் ஏறியது. கத்தி நின்றது. கூனி இறாலை இடித்துப் புளிக்க வைத்ததுதான் பெலாச்சான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதை இறாலாக நினைத்ததில்லை. உப்பு மாதிரி அதுவும் ஒரு சாமான்.

ஓடினேன். “சாப்பிடாதேம்மா! அதுல பெலாச்சான் இருக்கு!”

இரண்டு துண்டு போயிருந்தது. பிள்ளை உதட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள். அம்மா பையைக் கவிழ்த்து, பேனா போலிருந்த ஊசியை எடுத்து மகளின் தொடையில் அழுத்தினார். முதலாளி காரை எடுத்தார். நான் முன்சீட்டில். பின்னாலிருந்து மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்தச் சத்தம் பயமாக இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது சத்தம் குறைந்தது. அது அதைவிடப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மருத்துவமனையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். நான்தான் சொன்னேன். கதவு மூடியது.

“இத்தனை வருசம் சமைக்கிறேன்டா,” என்றார் முதலாளி. “எனக்கும் தோணலே.”

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து, மூச்சுத் திணறல் குறைந்திருக்கிறது, மறுபடி வரலாம், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“ரெண்டு தரம் கேட்டேனேண்ணே.”

அவர் உள்ளே போனார். கதவு இடுக்கில் பிள்ளையின் கால் தெரிந்தது. விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.